காபிக் கடையில் தொடங்கிய பட்டியல்

இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் வேலை. அவர்களிடம் சரக்கு வாங்கும் ஜெர்மனிக்காரர்கள் ஒரு பெரிய படிவம் அனுப்பியிருக்கிறார்களாம். "நூல் எங்கே வாங்கறீங்க, எந்தச் சாயப்பட்டறை, ஜாப் ஒர்க் யாருக்குக் கொடுக்கறீங்க, அந்தப் பக்கம் வெள்ளம் வருமான்னு எல்லாம் கேக்கறாங்க சார். உலக சப்ளை செயினில் இருக்கிற ரிஸ்க்குக்கு செமாண்டிக் மாடல் போடறாங்களாம். எனக்கு ஒண்ணும் புரியலீங்க. நீங்க வரலாறு எடுத்தவரு, உங்ககிட்டப் போய்க் கேக்கறேன் பாருங்க" என்று சிரித்தார்.

சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறார். பெயர்தான் புதுசு, சங்கதி பழசு.

முதலில் அந்தச் சொல்லை உடைத்துப் பார்த்துவிடுவோம். நம் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தையிடம் "இவர் உன் அப்பாவின் தம்பி" என்று ஒரு நாள் சொல்கிறோம். "இவன் அவருடைய மகன்" என்று இன்னொரு நாள் சொல்கிறோம். முதலாமவர் சித்தப்பா, அவர் மகன் பங்காளி, அந்த வீட்டில் பெண் எடுக்க முடியாது என்பதெல்லாம் யாரும் தனியாகச் சொல்லாமலே அந்தக் குழந்தைக்கு வளர வளரத் தெரிந்துவிடுகிறது. உறவுச் சொல் ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விதி ஒளிந்திருக்கிறது. கம்ப்யூட்டருக்கு அந்த விதி தெரியாது, நாம்தான் எழுதிக் கொடுக்கவேண்டும். "இந்தச் சாயப்பட்டறை இந்த ஆற்றோரம் இருக்கிறது", "இந்த ஆறு பெருக்கெடுக்கும்", "இந்தத் துணிக்கு அங்கேதான் சாயம் ஏறுகிறது" என்று தனித்தனிச் சிறு வாக்கியங்களாக எழுதி, உறவுகளுக்கு விதியும் எழுதிவிட்டால், "மழை வலுத்தால் ஹாம்பர்க் கடைக்குப் போகவேண்டிய சட்டை தாமதமாகும்" என்று அதுவே கணக்குப் போட்டுச் சொல்லும். இப்படி எழுவாய், உறவு, செயப்படுபொருள் என்று மூன்று துண்டாகச் செய்திகளை எழுதுவதற்கு உலகளாவிய வலையின் தர அமைப்பு 1999இல் ஒரு முறையை வெளியிட்டது. ஆர்.டி.எஃப். என்று அதற்குப் பெயர். இலக்கண வகுப்பில் தூங்கியவர்கள் இப்போது வருத்தப்படலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கல்யாணப் பத்திரிகை வைக்கப் பட்டியல் போடுகிறோம். மாப்பிள்ளை வீட்டார் "மில் மாமா" என்று எழுதுகிறார்கள். பெண் வீட்டார் அவரையே இனிஷியலோடு எழுதுகிறார்கள். கடைசியில் ஒரே மனிதருக்கு மூன்று பத்திரிகை போகிறது, வேறொருவருக்குப் போகவே இல்லை. கம்பெனிகளின் கணக்கேட்டிலும் இதுதான் நடக்கிறது. நம் மாணவரின் கம்பெனியில் ஒரே சாயப்பட்டறை நாலு பெயரில் இருக்கிறதாம்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். லண்டனில் 1688 வாக்கில் எட்வர்ட் லாய்டு என்பவர் ஒரு காபிக் கடை நடத்தினார். கப்பல் முதலாளிகள், கேப்டன்கள், வணிகர்கள் கூடும் இடம். 1691இல் கடை லொம்பார்டு தெருவுக்கு மாறியது. கப்பல் அனுப்புகிறவர் கப்பல் பெயர், சரக்கு, போகும் இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சுற்றுக்கு விடுவார். "இதில் இவ்வளவு நட்டத்தை நான் ஏற்கிறேன்" என்று ஒவ்வொருவரும் அதன் அடியில் கையெழுத்துப் போடுவார்கள். அடியில் எழுதுகிறவர் என்ற பொருளில்தான் ஆங்கிலத்தில் இன்றைக்கும் இன்சூரன்ஸ் ஏற்பவருக்கு 'அண்டர்ரைட்டர்' என்று பெயர்.

கையெழுத்துப் போடுகிறவர் அந்தக் கப்பலைக் கண்ணால் பார்த்ததில்லை. அது உளுத்த பலகையா, உறுதியான பலகையா? காபிக் கடைப் பேச்சை நம்பிப் பணம் போட முடியுமா? எனவே 1760இல் ஒரு சங்கம் அமைத்துக் கப்பல்களுக்கு மார்க் போட ஆரம்பித்தார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பதிவேடு 1764-66ஆம் ஆண்டுக்கானது. கப்பலின் உடலுக்கு ஏ, இ, ஐ, ஓ, யு என்று ஆங்கில உயிரெழுத்துகளே மார்க். ஏ என்றால் முதல் தரம், யு என்றால் கடைசி. பாய்மரம், நங்கூரம், கயிறு முதலிய சாமான்களுக்கு நல்லது, நடுத்தரம், மோசம் என்று தனி மார்க். பின்னாளில் சாமான்களுக்கு எண் வந்தது. 1775-76 பதிவேட்டில் 'ஏ1' முதன்முதலாக வருகிறது. நாம் "ஏ ஒன் சரக்கு" என்று சொல்கிறோமே, அதன் பூர்வீகம் இந்தக் கப்பல் மார்க்தான்.

கடலில் மிதக்கும் ஒரு பெரிய சமாசாரத்தை இரண்டு எழுத்தில் அடக்கிவிட்டார்கள். ஆனால் அந்த எழுத்துக்கு என்ன பொருள் என்பதில் உடனே சண்டை வந்தது. 1797 வாக்கில் சங்கம் விதியை மாற்றியது. கப்பலின் இன்றைய நிலையைவிட அதன் வயதும் அதைக் கட்டிய ஊரும் முக்கியம் என்றது. தேம்ஸ் நதிக்கரையில் கட்டியவற்றுக்குச் சலுகை. மற்ற ஊர்க் கப்பல் முதலாளிகள் கொதித்துப்போய் 1799இல் தங்களுக்கென்று ஒரு பதிவேடு தொடங்கினார்கள். இன்சூரன்ஸ்காரர்களுடையது பச்சைப் புத்தகம், முதலாளிகளுடையது சிவப்புப் புத்தகம். ஒரே கப்பலுக்கு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக மார்க் விழலாம் என்ற நிலை. இரண்டு புத்தகமும் நட்டத்தில் ஓடி, 1834இல்தான் ஒன்றாயின.

இதைக் கேட்டபோது நம் மாணவர், "அப்பவே டேட்டா சண்டைங்களா சார்?" என்றார். ஆமாம் தம்பி, அப்போதே. பட்டியல் போடுகிறவன் யாரோ, அவன் கண்ணில் படுவதுதான் பட்டியலில் ஏறும்.

பத்திரத்தின் வாசகத்திலும் ஒரு பட்டியல் இருந்தது. எவையெல்லாம் ஆபத்து என்ற பட்டியல். கடல் கொந்தளிப்பு, போர்க்கப்பல், தீ, பகைவர், கொள்ளையர், திருடர், கப்பலைக் காப்பாற்றச் சரக்கைக் கடலில் எறிதல், அரசர்கள் பிடித்துவைத்தல், கேப்டனும் மாலுமிகளும் செய்யும் மோசடி. 1779இல் லாய்ட்ஸ் இந்த வாசகத்தை நிலையான படிவமாக ஏற்றது. இருநூறு ஆண்டுக்கு மேல், 1980களின் தொடக்கம் வரை, அந்தப் பழைய ஆங்கிலத்திலேயே உலகக் கப்பல்கள் ஓடின. ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன பொருள் என்று நீதிமன்றங்கள் வழக்குக்கு வழக்கு தீர்ப்புச் சொல்லிச் சொல்லியே அந்தப் பட்டியலுக்கு விதி சேர்ந்தது. இன்று கம்ப்யூட்டருக்கு எழுதும் விதிகளை அன்று நீதிபதிகள் எழுதினார்கள்.

இனி வரும் பகுதியை வகுப்பில் நான் நடத்தியதில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்ல மனம் வரவில்லை. இப்போது நீங்கள் எல்லாரும் பெரியவர்கள்.

1781ஆம் ஆண்டு. 'சோங்' என்ற ஆங்கிலக் கப்பல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் 442 ஆப்பிரிக்கர்களை ஏற்றிக்கொண்டு ஜமைக்காவுக்குப் புறப்பட்டது. முதலாளிகள் லிவர்பூல் வணிகர்கள். ஆள் ஒன்றுக்கு 30 பவுண்டு என்று இன்சூரன்ஸ் எடுத்திருந்தார்கள். அந்தக் காலச் சட்டத்தில் அடிமை என்பவர் சரக்கு. இன்சூரன்ஸ் விதி என்ன? சரக்கு தானாகக் கெட்டுப்போனால் இழப்பீடு கிடையாது. எனவே அடிமை நோயால் இறந்தால் முதலாளிக்கு நட்டம். கப்பலைக் காப்பாற்ற வேறு வழியின்றிச் சரக்கைக் கடலில் எறிந்தால் மட்டும் இன்சூரன்ஸ்காரர் தரவேண்டும்.

கப்பல் வழி தவறியது. நோயில் பலர் இறந்தார்கள். நவம்பர் 29 தொடங்கிச் சில நாட்களில், குடிநீர் போதாது என்று காரணம் சொல்லி, 130க்கும் மேற்பட்டவர்களை உயிரோடு கடலில் தள்ளினார்கள். இடையில் மழையும் பெய்தது. டிசம்பர் 22 அன்று ஜமைக்காவை அடைந்தபோது 208 பேர் உயிரோடு இருந்தார்கள், கப்பலில் தண்ணீரும் மிச்சமிருந்தது. முதலாளிகள் லண்டன் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்டார்கள். 1783 மார்ச்சில் நடுவர் குழு அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது. குதிரைகளைக் கடலில் எறிந்ததைப் போன்ற வழக்காகவே நடுவர்கள் இதைப் பார்த்தார்கள் என்று தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிறகு குறிப்பிட்டார். மே மாதம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். அந்த மறுவிசாரணை நடந்ததற்குச் சான்று இல்லை. அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒலாடா எக்வியானோ இந்தச் செய்தியை கிரான்வில் ஷார்ப்பிடம் கொண்டுபோனார். கொலை வழக்குத் தொடுக்க வேண்டும் என்று ஷார்ப் போராடினார். யார் மீதும் கொலை வழக்கு வரவில்லை. அது இன்சூரன்ஸ் வழக்காகவே முடிந்தது.

பதிவேட்டில் ஒரு சொல் மாறியிருந்தால், அதாவது 'சரக்கு' என்ற கட்டத்தில் இல்லாமல் 'பயணி' என்ற கட்டத்தில் அந்த 442 பேரும் இருந்திருந்தால், அதே விதிகள் வேறு விடை தந்திருக்கும். விதியில் பிழை இல்லை, கணக்கிலும் பிழை இல்லை. ஆட்களை எந்த வகையில் சேர்த்தார்கள் என்பதில்தான் எல்லாமே இருந்தது. செமாண்டிக் மாடல் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கப்பல்தான் நினைவுக்கு வருகிறது.

அடிமைகளுக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று நினைக்காதீர்கள். ஏ, இ, ஐ, ஓ, யு மார்க் எல்லாம் பலகைக்கும் கயிற்றுக்கும்தான். மாலுமியின் உயிருக்கு மார்க் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய கப்பலுக்கு அதிக இன்சூரன்ஸ் எடுத்து, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றி அனுப்பும் முதலாளிகள் இருந்தார்கள். மூழ்கினாலும் அவர்களுக்கு நட்டமில்லை. சவப்பெட்டிக் கப்பல்கள் என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள். டெர்பி தொகுதி எம்.பி. சாமுவேல் பிளிம்சால் இதற்காகப் பல ஆண்டு கத்தினார். 1875இல் நாடாளுமன்றத்திலேயே கட்டுப்பாடு இழந்து முஷ்டியை ஆட்டினார். 1876இல் கப்பலின் பக்கவாட்டில் பாரக்கோடு வரையவேண்டும் என்று சட்டம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், கோட்டை எங்கே வரைவது என்பதை முதலாளியே தீர்மானிக்கலாம்! ஒருவர் புகைபோக்கியின் மேல் வரைந்துவைத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். இடத்தைச் சட்டமே நிர்ணயிக்க 1890 ஆயிற்று.

இனி ஒரே தாவலாக நம் காலத்துக்கு வருகிறேன். கப்பல் போய்த் தொழிற்சாலை வந்தது. ஒரு காருக்குள் ஆயிரக்கணக்கான உதிரிகள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கம்பெனி, அதன் பின்னால் இன்னொன்று. கையிருப்பு வைத்தால் காசு முடங்கும் என்று அன்றன்றைக்கு வரவழைத்துக்கொள்ளும் பழக்கம்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் பூகம்பமும் சுனாமியும். டொயோட்டா நேரடியாகச் சரக்கு வாங்கும் கம்பெனிகளை நன்றாகவே அறிந்திருந்தது. ஆனால் அவர்களுக்குக் கொடுப்பவர்கள் யார், அவர்களுக்கும் கொடுப்பவர்கள் யார்? கீழே போகப் போக ஆலமரம் மாதிரி விரிந்து பரவியிருக்கும், ஒன்று போனால் இன்னொன்று என்று நம்பியிருந்தார்கள். தேடிப் பார்த்தால் பல இடங்களில் அப்படி இல்லை. நடுவில் விரிந்து, அடியில் மறுபடி ஒரே ஆலையில் போய்க் குவிந்தது. வைர வடிவம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நாகா என்ற இடத்தில் ரெனெசாஸ் கம்பெனியின் சிப் ஆலை நின்றதும், கார் கம்பெனிகளே தங்கள் ஆட்களை அனுப்பி அதைச் சீர்படுத்த வேண்டியதாயிற்று.

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் பெயிண்ட். அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி, 'டக்ஸீடோ பிளாக்' என்ற மினுமினுக்கும் கறுப்பு நிறத்திலும் சில சிவப்பு நிறங்களிலும் வண்டிக்கு ஆர்டர் எடுக்காதீர்கள் என்று டீலர்களுக்குச் சொன்னது. காரணம், அந்த மினுமினுப்பைத் தரும் 'சிராலிக்' என்ற நிறமித் தூள் உலகத்திலேயே ஒரே ஆலையில்தான் தயாரானது. ஜெர்மனியின் மெர்க் கம்பெனிக்குச் சொந்தமான அந்த ஆலை இருந்தது ஃபுகுஷிமா மாகாணத்து ஓனஹாமாவில். கார் கம்பெனி கணக்கில் அது 'கறுப்பு நிறம்'. பெயிண்ட் கம்பெனி கணக்கில் அது 'நிறமி'. ஊர்ப் பெயரோ மூன்றாமவர் கணக்கில்தான் இருந்தது. மூன்றும் ஒன்றையொன்று அறியவில்லை. கல்யாணப் பத்திரிகைக் கதைதான்.

அதன் பிறகு டொயோட்டா 'ரெஸ்க்யூ' என்று ஒரு தகவல் களஞ்சியம் கட்டியது. சுமார் 6,50,000 சப்ளையர் இடங்களின் விவரம் அதில் உண்டு என்று செய்திகள் வந்தன. எந்த உதிரி எந்த ஊரில் உருவாகிறது என்று தெரிந்தால், நிலம் நடுங்கியவுடன் எது நிற்கும் என்று சொல்லிவிடலாம். பிரமாதமான வேலை. ஆனாலும் 2022 மார்ச் 1 அன்று டொயோட்டாவின் ஜப்பான் ஆலைகள் 14ம் ஒரு நாள் நின்றன. பூகம்பமும் இல்லை, தீயும் இல்லை. கோஜிமா என்ற சப்ளையரின் கம்ப்யூட்டருக்குள் எவனோ புகுந்துவிட்டான். ஆபத்து புதிய வேஷத்தில் வருவதை எந்தப் பட்டியலும் முழுதாகத் தடுக்காது.

இதெல்லாம் சரக்கு வராமல் போகும் ஆபத்து. வாங்குகிறவனுக்கு நட்டம் வரும் ஆபத்து. ரிஸ்க் என்ற சொல்லுக்கு அதுவரை பெரும்பாலும் அதுதான் பொருள்.

2013 ஏப்ரல் 24. வங்கதேசத்தில் டாக்காவை ஒட்டிய சாவரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்தது. உள்ளே ஐந்து ஆயத்த ஆடை ஆலைகள். 1,134 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளம்பெண்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்றது. தையல்காரர்களை மட்டும் உள்ளே வரச் சொன்னார்கள், ஆர்டர் முடியவேண்டும் என்று. எந்தெந்தக் கம்பெனிக்கு அங்கே துணி தைத்தார்கள் என்பதற்கு ஆதாரமாக, இடிபாட்டுக்குள் கிடந்த சட்டை லேபிள்களைப் பொறுக்கியெடுக்க வேண்டியிருந்தது. எங்கள் ஆர்டர் அங்கே இருந்ததே எங்களுக்குத் தெரியாது என்றவர்களும் உண்டு. அந்த ஆலைகளில் இரண்டு, ஐரோப்பிய வணிக அமைப்பு ஒன்றின் தணிக்கையை ஏற்கெனவே பார்த்தவை. கட்டடத்தின் உறுதியைச் சோதிப்பது அந்தத் தணிக்கையில் சேரவில்லை.

கயிற்றுக்கு மார்க் இருந்தது, மாலுமிக்கு இல்லை என்று மேலே எழுதினேனே, அதை மறுபடி ஒருமுறை படியுங்கள்.

ராணா பிளாசாவுக்குப் பிறகு சில மாற்றங்கள் வந்தன. சில வாரங்களில் தீ, கட்டடப் பாதுகாப்புக்கான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பொறியாளர்கள் ஆலை ஆலையாகப் போய்த் தூண்களைப் பார்த்தார்கள். ஜெர்மனி 2021இல் ஒரு சட்டம் இயற்றியது, 2023 ஜனவரி 1 முதல் நடைமுறை. பெரிய கம்பெனிகள் தங்கள் சப்ளை செயினில் உள்ள ரிஸ்க்கைக் கண்டறிய வேண்டும் என்கிறது அது. அந்தச் சட்டத்தில் ரிஸ்க் என்பது கம்பெனிக்கு வரும் நட்டம் அல்ல, சங்கிலியில் வேலை செய்யும் மனிதருக்கும் அவர்கள் வாழும் சூழலுக்கும் வரக்கூடிய கெடுதல். எனக்குத் தெரிந்து வணிக வரலாற்றில் ஒரு சொல் இவ்வளவு பெரிதாகத் திரும்பிப் படுத்தது அபூர்வம். சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு விஷயம். பாரக்கோட்டைப் புகைபோக்கியில் வரைபவர்கள் எல்லாக் காலத்திலும் இருப்பார்கள்.

நம் மாணவருக்கு வந்த படிவத்தின் பின்னணி இதுதான். இவ்வளவையும் போனில் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. வீட்டில் காபி ஆறிப்போய்த் திட்டு விழுந்தது.

அடுத்த நாள் அவர் அந்த மாடலில் இருக்கும் ஆபத்துப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். வெள்ளம், தீ, துறைமுக முடக்கம், நூல் விலை ஏற்றம், டாலர் மதிப்பு, மின்வெட்டு. நன்றாகத்தான் உழைத்திருக்கிறார்கள். 'தொழிலாளர்' என்ற சொல்லைத் தேடினேன். இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று, தொழிலாளர் வேலைநிறுத்தம். இன்னொன்று, தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போன தொழிலாளர் திரும்பி வராமை.

"தம்பி, சுவரில் விரிசல் விழுந்தால் இதில் எந்தக் கட்டத்தில் எழுதுவீங்க?" என்று கேட்டு அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "அதுக்குக் கட்டம் இல்லைங்க சார். கீழே 'மற்றவை'ன்னு ஒண்ணு இருக்கு. புதுசாக் கட்டம் சேர்க்க முடியுமான்னு அவங்களுக்கு மெயில் போட்டிருக்கேன்."

இன்னும் பதில் வரவில்லையாம். வந்ததும் சொல்கிறேன்.